பதினான்காம் தளத்தில் காத்திருந்த அம்மா: சொகுசுக் கப்பல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கப்பல் நிறுவனத்தின் நிர்வாகத்தாருக்கு,

"மற்ற பயணிகளின் நடத்தைக்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மூன்று பக்கப் புகாருக்கு நான்கு வரிப் பதில். கூடவே பயணிகளின் நடத்தை விதிகள் என்று ஒரு கோப்பு, அடுத்த பயணத்துக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு. தள்ளுபடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். தனியாக எழுதினால் இன்னொரு நான்கு வரிதான் வரும் என்று தெரிந்துபோனதால், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரையும் கப்பலின் பெயரையும் போடவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஜூன் பள்ளி விடுமுறை. மரீனா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். நான்கு இரவுகள். நானும் கணவரும் அம்மாவும் ஒரு கேபினில். திருச்சியிலிருந்து வந்திருந்த அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள் எதிர்க் கேபினில். அம்மாவுக்கு 79 வயது. முட்டி இரண்டும் போய்விட்டதால் வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. முன்பதிவிலேயே இதைக் குறிப்பிட்டிருந்தோம்.

அம்மா பத்து வயது வரை பினாங்கில் வளர்ந்தவர். தாத்தா அங்கே துறைமுக வேலையில் இருந்தார். குவீன் தெருவில் 1833-ல் கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் அவர் கேட்ட ஒரே விஷயம். உங்கள் கப்பல் அணைகிற ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து அது நடந்தே போகிற தூரம். நடை சாத்துவதற்குள் போய்விடலாம் என்று காலைச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு பதினான்காம் தளத்தின் மின்தூக்கி வாசலுக்கு வந்து நின்றோம்.

முதல் மின்தூக்கி வந்தது. நிறைந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சக்கர நாற்காலிக்கு இடமிருந்தது. நான் அதைத் திருப்புவதற்குள் எங்கள் பின்னால் நின்ற ஒரு குடும்பம் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான்காவது வந்து கதவு திறந்தபோது உள்ளே ஒரு இளைஞர் அம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையிலிருந்த தொலைபேசியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். திரை அணைந்திருந்தது, எனக்குத் தெரிந்தது. கீழ்த் தளத்துக்காரர்கள் கீழே போவதற்காகவே மேலே ஏறி வருகிறார்கள் என்பது ஐந்தாவது மின்தூக்கியில்தான் புரிந்தது. பன்னிரண்டாம் தளத்தில் நின்றால் இடம் கிடைக்காது, அதனால் மேல்நோக்கிப் போகும்போதே ஏறிக்கொண்டு இறங்காமல் நிற்பது. கெட்டிக்காரத்தனம்தான்.

35 நிமிடங்கள். கோயில் வாசலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தார்கள். அம்மா நாற்காலியில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். "விடும்மா, கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

இதைத்தான் நீங்கள் மற்ற பயணிகளின் நடத்தை என்கிறீர்கள். சரி, நடத்தைதான். அந்த இளைஞரையும் அந்தக் குடும்பத்தையும் நான் ஒன்றும் மன்னித்துவிடவில்லை. ஆனால் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டடப் பராமரிப்பு அலுவலகம் ஒன்றில் இருபது வருடமாக மின்தூக்கிப் புகார்களைப் பார்க்கிறவள் நான். காலை ஏழு மணிக்கு ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் கூட்டம் நெரிந்தால், குடியிருப்பவர்களுக்கு நல்லொழுக்கக் கடிதம் அனுப்ப மாட்டோம். எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை மின்தூக்கி, எந்தெந்த மாடியில் நிற்கிறது, எந்த நேரத்தில் நெருக்கடி என்று பார்ப்போம். எங்களுக்காவது பள்ளிக்கூட மணியும் அலுவலக நேரமும் வெளியிலிருந்து வருகின்றன. உங்கள் கப்பலில் ஒவ்வொரு நெருக்கடியையும் உருவாக்குவது நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் நிகழ்ச்சி நிரல். கலையரங்கக் காட்சி எப்போது முடியும், இரவுச் சாப்பாட்டின் இரண்டாவது பந்தி எப்போது, கரைக்கு இறங்கும் கதவு எப்போது திறக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே உங்களுக்குத் தெரியும். பினாங்கில் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே போவார்கள் என்பது உங்களுக்கு எதிர்பாராத செய்தியா?

இனி கப்பலின் அளவுக்கு வருகிறேன். உங்கள் விளம்பரத்தில் டன் கணக்கைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். "அத்தை, இவ்வளவு வெயிட்டா எப்படி மிதக்குது?" என்று அண்ணன் மகன் கேட்டான். எடை இல்லை அது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கப்பலில் எத்தனை ஒயின் பீப்பாய் ஏற்றலாம் என்று எண்ணிய வழக்கத்திலிருந்து வந்த சொல். அப்புறம் 100 கன அடி ஒரு டன் என்று வைத்தார்கள்; இப்போது கப்பல் அளவீட்டுக்கான 1969-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தின் சூத்திரப்படி, கப்பலின் உள்ளளவிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஆக, டன் என்றால் உள்ளே எவ்வளவு இடம். அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று வந்துவிடும்.

சூட்சுமம் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கை வைத்துத்தான் இந்த விகிதத்தைச் சொல்வது வழக்கம். உங்கள் கப்பலை விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கியபோது ஐகான் ஆஃப் த சீஸ்தான் உலகிலேயே பெரிய பயணக் கப்பல். 248,663 டன். டைட்டானிக் 46,328 டன்தான். ஐந்து டைட்டானிக்கை உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். கேபினுக்கு இருவர் என்றால் அதில் 5,610 பயணிகள், தலைக்கு 44 டன். எல்லாப் படுக்கைகளும் நிறைந்தால் 7,600 பேர். தலைக்கு 33-க்கும் கீழே வந்துவிடுகிறது. கப்பல் ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. அதைவிட மிகச் சிறியதான குவீன் மேரி 2-ல் சுமார் 2,700 பயணிகள். அதன் 149,215 டன்னை வகுத்தால் தலைக்கு 55 வருகிறது. பெரிய கப்பல் என்றால் தாராளமான இடம் என்று நம்பிப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

பள்ளி விடுமுறையில் நிறைவது அந்த மூன்றாவது, நான்காவது படுக்கைகள்தான். அண்ணன் கேபினில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். முதல் இரவு அறைப் பணியாளர் வந்து கூரையில் ஒரு சாவியைத் திருகினார். கூரையோடு கூரையாக இருந்த பலகை இறங்கி வந்து கட்டிலாகியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சோபாவை இழுத்ததும் அது இன்னொரு படுக்கை. கட்டில் இறங்கிய பிறகு நாலு பேரும் படுக்கலாம், ஆனால் நாலு பேரும் நிற்க முடியாது. பிள்ளைகள் தூங்கும்வரை அண்ணன் எங்கள் கேபினில் வந்து உட்கார்ந்திருப்பார். இப்படி நூற்றுக்கணக்கான கேபின்கள். அறையில் நிற்க இடமில்லாதவர்கள் பகலெல்லாம் எங்கே போவார்கள்? நீச்சல் குளத்துக்கு, பஃபேக்கு, மின்தூக்கி வாசலுக்கு. படுக்கையைக் கூட்டத் தெரிந்த உங்களுக்கு மின்தூக்கியைக் கூட்ட வழியில்லை, சாய்வு நாற்காலியைக் கூட்ட இடமில்லை. கூட்டிய படுக்கைக்குக் காசு வாங்கியது மட்டும் நடந்திருக்கிறது.

சாய்வு நாற்காலி என்றதும் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது குளத்தைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. ஆனால் எல்லா நாற்காலியிலும் துண்டு. சிலவற்றில் ஒற்றைச் செருப்பு. ஒன்றில் பாதி தின்ற வாழைப்பழம். உங்கள் கோப்பின் விதிப்படி 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாத நாற்காலியிலிருந்து பொருள்களை எடுத்துவிடுவார்கள். பத்து மணி வரை பார்த்தேன், ஒரு துண்டும் நகரவில்லை. அந்த வாழைப்பழம்கூட நிறம் மாறியதே தவிர இடம் மாறவில்லை. மறுநாள் ஆறரைக்கே போய் நானும் மூன்று துண்டு போட்டேன். சிங்கப்பூரில் உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடித்துப் பழகிய கை இது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டேன், ஏனென்றால் அம்மாவுக்கு நிழலில் ஒரு இடம் வேண்டும். விதி இருந்தும் நடக்காத இடத்தில் ஒழுங்காக இருப்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதே உணவங்காடி நிலையத்தில், சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவதும் எங்களுக்குப் பழக்கமாக இருந்தது. இப்போது எடுத்து வைக்கிறோம். எப்படி? தட்டு வைக்கும் அடுக்குகளை வைத்தார்கள், வருடக்கணக்காகச் சொன்னார்கள், 2021 செப்டம்பரிலிருந்து முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்றார்கள். சுத்தம் செய்யும் பெரியவர்களிடம், "நீங்களே வாடிக்கையாளரைத் திருத்துங்கள்" என்று விட்டுவிடவில்லை.

நீங்கள் அப்படித்தான் விட்டிருக்கிறீர்கள். பஃபே வாசலில் ஒரு பெண் கைகழுவச் சொல்லிப் பாடிக்கொண்டே நிற்கிறார். பக்கத்திலேயே சோப்பும் தண்ணீரும் இருக்கின்றன. கப்பல்களில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் சரி என்று தெரிந்துதான் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஒருவர் அவரைப் பார்த்து 'போ போ' என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு நேராக உள்ளே போய், இடுக்கியை விட்டுவிட்டு வெறும் கையால் ரொட்டியைப் புரட்டிப் பார்த்து எடுத்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்குப் பாடினார். வேறென்ன செய்ய முடியும் அவரால்?

மூன்றாம் நாள் இரவு எங்கள் மேசையில் பரிமாறிய தம்பி தமிழ்ப் பையன். ஊரைச் சொல்ல மாட்டேன், நீங்கள் பிடித்துவிடுவீர்கள். பக்கத்து மேசையில் நம் ஆட்கள்தான், தமிழ் பேசுகிறவர்கள்; அவரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார்கள். "டேய், பரோட்டா சூடா இல்லை" என்று தட்டைத் தள்ளினார் ஒருவர். அது நிலைதவறி அந்தத் தம்பியின் காலடியில் விழுந்தது. தம்பி குனிந்து பொறுக்கினார், மன்னிப்புக் கேட்டார். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். பிறகு அந்தத் தம்பி எங்களுக்குத் தண்ணீர் ஊற்றும்போது நான் ஏதோ சொல்லப்போக, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேணாங்கக்கா. கடைசி நாள் ஸ்டார் கொடுப்பாங்க. அது குறைஞ்சா அடுத்த கான்ட்ராக்ட்ல இந்த செக்‌ஷன் கிடைக்காது." எட்டு மாத ஒப்பந்தமாம். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி ஒருவரை 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். அந்த உச்சவரம்பே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது பாருங்கள். அவ்வளவு நேரம் நிற்கிறவரின் சம்பளத்தையும் வருங்காலத்தையும் பயணியின் நட்சத்திரத்தில் கட்டிப்போட்டுவிட்டு, பயணியின் நடத்தைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றால் எப்படி? எங்களைக் கேட்கக்கூடிய ஒரே ஆளின் வாயை நீங்கள்தான் கட்டியிருக்கிறீர்கள்.

நடைபாதையில் ஸ்பீக்கரில் வீடியோ பார்த்தவர்கள், பால்கனியில் புகைபிடித்தவர்கள் பற்றியெல்லாம் பழைய புகாரிலேயே எழுதிவிட்டேன். அவை எரிச்சல், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் எரிச்சல் என்று தள்ள மாட்டேன்.

2012 ஜனவரி 13 அன்று இரவு, இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதற்குப் பிறகுதான், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். 2015-லிருந்து நடைமுறை. இப்போது நீங்கள் அதைத் தொலைபேசியிலேயே வைத்திருக்கிறீர்கள்: வீடியோவைப் பார்க்க வேண்டும், ஒன்றுகூடும் இடத்துக்குப் போய்ப் பயணி அட்டையைக் காட்ட வேண்டும். எங்கள் இடத்தில் நான் பார்த்தது: ஒருவர் குடும்பத்தின் ஆறு அட்டைகளையும் கொண்டுவந்து நீட்டினார். வரிசை நீளமாக இருந்தது. பணியாளர் ஆறையும் பதிந்துகொண்டு அனுப்பிவிட்டார். அபாய அறிவிப்பான ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே போவது என்று அந்த மற்ற ஐந்து பேருக்கும் யார் சொல்வது? இன்னொன்று: அவசரத்தில் மின்தூக்கியில் ஏறக்கூடாது என்கிறது வீடியோ. சரிதான். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பதினான்காம் தளத்திலிருந்து யார் இறக்குவார்கள் என்று கேட்டேன். "உதவிக்கு ஆள் வருவார்" என்றார்கள். யார், எங்கே என்று கேட்டதற்கு, "கவலைப்படாதீர்கள் மேடம்" என்று பதில் வந்தது. இதையும் நடத்தைக் கணக்கில் எழுதுவீர்களா?

அளவும் ஒழுங்கும் சேர்ந்தே போகும் என்று உங்கள் தொழிலுக்குத் தெரியாமலில்லை. அண்டார்டிகாவுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்களுக்கு இருக்கும் வரையறையைப் பாருங்கள்: 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக்கூடாது, சிறிய கப்பலானாலும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக்கூடாது. பென்குயினுக்கு இருக்கிற கொடுப்பினை என் அம்மாவுக்கு இல்லை. வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை ஊரை ஒட்டிய ஜூடெக்கா கால்வாய்க்குள் இத்தாலிய அரசு விடுவதில்லை. கப்பல் போய்ச் சேரும் இடங்களுக்கு வரம்பு வைக்க ஆள் இருக்கிறது. கப்பலுக்குள்ளே அதை வைக்க உங்களைத் தவிர யாருமில்லை.

நான் கேட்பது இவை.

எந்தத் தேதிக்கு முன்பதிவு செய்தாலும், அந்தப் பயணத்தில் இதுவரை எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், கேபினுக்கு இருவர் கணக்கில் எத்தனை, அதிகபட்சம் எத்தனை என்ற மூன்று எண்களையும் பணம் கட்டும் பக்கத்திலேயே போடுங்கள். பார்த்துவிட்டு ஜூனில் வருவதா பிப்ரவரியில் வருவதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

துறைமுகத்தில் இறங்கும் நேரத்திலும் காட்சி முடியும் நேரத்திலும் ஒவ்வொரு மின்தூக்கித் தொகுதியிலும் ஒன்றைச் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் குழந்தை வண்டிக்காரர்களுக்கும் என்று ஒதுக்கி, வாசலில் ஒரு பணியாளரை நிறுத்துங்கள். தளவாரியாக இறங்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். இதற்குப் புதிய கப்பல் கட்ட வேண்டியதில்லை. ஒரு அட்டவணை போதும். போடத் தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள், காசு வாங்காமல் போட்டுத் தருகிறேன்.

நாற்காலி விதியை நடத்துங்கள், அல்லது கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பணியாளரை அவமதிக்கும் பயணியிடம் பேச வேண்டியது மேற்பார்வையாளரும் பாதுகாப்பு அதிகாரியும், பரிமாறுகிறவர் இல்லை. கைகழுவச் சொன்னதற்காகவும் வரிசையில் நிற்கச் சொன்னதற்காகவும் வரும் குறைந்த மதிப்பெண்ணை அவர்கள் கணக்கில் ஏற்றாதீர்கள். எங்களுக்குப் பரிமாறிய அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று தேடவும் வேண்டாம்.

அவசரகாலப் பயிற்சிக்கு ஆளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு முகம் என்று பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு, எந்தப் பணியாளர் எந்த இடத்தில் வந்து நிற்பார் என்பதை ஏறிய அன்றே எழுதிக் கொடுங்கள்.

நடத்தை விதிகளை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் பயணிகளை ஏற்றும் ஊரில் ஆட்சிமொழிகள் நான்கு. அம்மாவுக்கு அந்தக் கோப்பை நான்தான் வாசித்துச் சொன்னேன். 'பொறுப்பேற்க இயலாது' என்ற வரிக்கு வந்ததும், "இதுக்கு எதுக்கு இவ்வளவு பக்கம்?" என்று கேட்டார்.

கடைசியாக, எனக்கு அனுப்பிய அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று, இன்னொரு கடிதம் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அம்மாவின் பெயருக்கு. தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். முன்பதிவு எண் உங்களிடம் இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு நீங்கள் கப்பலை நிரப்பத் தொடங்குவதற்கு முன் அது வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
பதினான்காம் தளத்தில் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்,
சிங்கப்பூர்